பெப்பர்மிண்டும் பேராச்சியின் கணக்கும்

இலஞ்சி,
4-8-1935

அன்புள்ள தம்பி வல்லிநாயகத்துக்கு அக்காள் சொக்கம்மாள் எழுதுவது.

குமாரசாமி புண்ணியத்தில் நானும் உன் மகள் பேராச்சியும் சௌக்கியம். சாரல் விட்டபாடில்லை. துவைத்துப் போட்ட சேலை மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகவே கிடக்கிறது. அதைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் வீட்டில் மங்களேஸ்வரி எப்படி இருக்கிறாள்? கைக்குழந்தைக்கு மாந்தம் தெளிந்ததா?

பேராச்சியின் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் பாடம் நடத்தும் ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். வைகாசி வரை பத்துக்குப் பத்து வாங்கியவள், நீ ஆனி மாதம் வந்து போனதிலிருந்து ஐந்தைத் தாண்டவில்லை. பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புகிறாள்.

நீ புறப்படும்போது வாசலில் நின்று சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "அஞ்சாவது முடிச்சு முதல் பாரம் சேர்க்கைப் பரீட்சையில தேறினா உங்களோடயே இருந்து தென்காசியில படிக்கட்டும். தேறலைன்னா தூத்துக்குடிக்கு வந்து தம்பியப் பாத்துக்கிடட்டும்" என்று சொன்னாய். தகப்பன் நீ, மறுபேச்சு நான் பேசவில்லை. ஆனால் அவள் அம்மா இறந்த வருஷம், ஐந்து வயதில் என் இடுப்பில் ஏறிய பிள்ளை. பரீட்சைக்கு இன்னும் பத்து மாதம் கிடக்கிறது, நான் இப்போதே நாளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இவளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருந்தேன். பேரருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது சீசன் கடைகளில் ஒன்றில் அகமது கபீர் என்பவர் பெப்பர்மிண்ட் விற்றுக்கொண்டிருந்தார். "இதுல ஒண்ண வாயில போட்டுட்டுப் பிள்ளையக் கணக்குப் போடச் சொல்லுங்கம்மா. மண்டையில அருவித் தண்ணி விழுந்த மாதிரி மூளை முழிச்சுக்கிடும்" என்றார். நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் வந்தது. முன்பே தெரிந்த வாய்ப்பாடு என்பதால் பெப்பர்மிண்டுக்கு அதில் பங்கு உண்டா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

நீ மருந்து கலக்குகிறவன். இதில் உண்மை ஏதும் இருக்கிறதா? நீ வேலை பார்க்கும் டாக்டரிடம் கேட்டு எழுது. கேலி செய்யாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்காள் சொக்கம்மாள்

❖

தூத்துக்குடி,
13-8-1935

பிரியமுள்ள அக்காளுக்கு வல்லிநாயகம் வணக்கம்.

உங்கள் ஊர்ச் சாரலில் பாதியை இங்கே அனுப்பினால் தேவலை. உப்புக் காற்றில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது. சின்னவனுக்கு மாந்தம் தெளிந்துவிட்டது. மங்களேஸ்வரி சௌக்கியம்; உங்களை விசாரித்தாள்.

டாக்டரிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். பெப்பர்மிண்ட் எண்ணெய் வயிற்று உப்புசத்துக்கு நல்லது, வாய்வைக் கலைக்கும், கணக்கு வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். அப்புறம் நோயாளிகள் போன பிறகு அவரே என்னைக் கூப்பிட்டு, "வல்லிநாயகம், ஒருவேளை இருக்கவும் கூடும். யாராவது சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்" என்றார். அதிலிருந்து எனக்கும் தூக்கம் போய்விட்டது. உங்கள் கையில் ஒரு வகுப்பே இருக்கிறது. ஏன் நாமே பார்க்கக் கூடாது?

இப்படிச் செய்யுங்கள். இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினோரு பேருக்கு ஆளுக்கொரு பெப்பர்மிண்ட். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பத்துக் கணக்கு. யார் எத்தனை சரியாகப் போட்டார்கள் என்று குறித்து வையுங்கள். மறுநாள் ஆட்களை மாற்றுங்கள். பேராச்சியை இரண்டு வகையிலும் கவனியுங்கள்.

அவள் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். படிப்பு ஏறினால் படிக்கட்டும். ஏறாவிட்டால் மங்களேஸ்வரிக்கும் கைக்குழந்தையோடு ஒரு துணை வேண்டியிருக்கிறது. பேராச்சிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வல்லிநாயகம்

❖

இலஞ்சி,
2-9-1935

தம்பி வல்லிநாயகத்துக்கு ஆசீர்வாதம்.

எனக்கு லேசாக ஜலதோஷம். பேராச்சிக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். சின்னவன் குப்புறக் கவிழ்கிறானா?

உன் ஆராய்ச்சி மண்ணைக் கவ்விவிட்டது. தப்பு உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, காக்காக்கடியினுடையது. பதினோரு பேருக்குக் கொடுத்துவிட்டுக் கரும்பலகையில் கணக்கு எழுதத் திரும்பினேன். பின்னால் கடக், கடக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் பதினோரு பேரும் பாவாடைத் தலைப்பில் பெப்பர்மிண்டைப் பொதிந்து, மேலாகக் கடித்து, எச்சில் படாத பாதியைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் வகுப்பு முழுக்கப் பெப்பர்மிண்ட் வாசனை!

சந்தனமாரி என்று ஒரு வாயாடி. அவளை எழுப்பி, "ஏட்டி, உனக்குக் கொடுத்தத நீதானே திங்கணும்?" என்று அதட்டினேன். "ஒருத்தி பாத்துக்கிட்டு இருக்க இன்னொருத்தி தின்னா வயித்துவலி வரும்லா டீச்சர்?" என்றாள். நாமும் அப்படித் தின்று வளர்ந்தவர்கள்தானே. நீ எனக்கு நீட்டும் பாதி எப்போதும் சின்னப் பாதியாகத்தான் இருக்கும் என்பதையும் நான் மறக்கவில்லை.

மறுநாளும் அதே கதை. குச்சியைக் காட்டி மிரட்டிப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் கடித்தார்கள். ஆகையால் யார் தின்றாள், யார் தின்னவில்லை என்று பிரிக்க வழியே இல்லை. வகுப்பு மொத்தமும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நன்றாகக் கணக்குப் போட்டது என்பது மட்டும் உண்மை.

பேராச்சி மட்டும் நான்கு. போன வாரம் ஐந்து. எல்லோருக்கும் ஏறும்போது இவளுக்கு இறங்குவானேன்? எனக்குப் பிடிபடவில்லை.

பரீட்சைக்கு ஒன்பது மாதம்.

அன்புடன்,
சொக்கம்மாள்

❖

தூத்துக்குடி,
16-9-1935

அக்காளுக்கு வணக்கம்.

ஜலதோஷத்துக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடியுங்கள். கம்பவுண்டர் சொல்லும் மருந்து அவ்வளவுதான். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் கவிழ்கிறான். பிறகு நிமிரத் தெரியாமல் அழுகிறான்.

காக்காக்கடியை டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சீமையில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்றார். பிட்டுக் கொடுக்க முடியாத ஒன்று வேண்டும். வாசனை போதும் என்று முடிவு செய்தோம்.

இத்துடன் இரண்டு சின்னப் புட்டிகள் பார்சலில் வருகின்றன. சிவப்பு நூல் கட்டியதில் பெப்பர்மிண்ட் எண்ணெய், தேங்காய் எண்ணெயில் நீர்க்கக் கலந்தது. கறுப்பு நூல் கட்டியதில் ஓம எண்ணெய், அதேபோல் கலந்தது. முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையின் கைக்குட்டையிலும் சிவப்புப் புட்டியில் இரண்டு சொட்டு. அடுத்த வாரம் கறுப்பு. மூன்றாம் வாரம் ஒன்றும் வேண்டாம். எண்ணெய் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணெயும் மூளைக்கு நல்லது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஓமத்தைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. ஆனால் பிள்ளைகள் நம்பினால்தான், வேலை செய்வது பெப்பர்மிண்டா நம்பிக்கையா என்று தெரியும்.

பேராச்சிக்கு இறங்குவது வினோதமாக இருக்கிறது. அவளுக்கு மூக்கடைப்பு ஏதும் உண்டா?

அவளுக்கு என் ஆசி.

வல்லிநாயகம்

❖

இலஞ்சி,
3-11-1935

தம்பிக்கு அக்காள் எழுதுவது.

நவராத்திரி, தீபாவளி, பள்ளிக்கூட லீவு என்று கடிதம் தள்ளிப்போயிற்று. தீபாவளிக்கு நீ அனுப்பிய பாவாடைத் துணி வந்து சேர்ந்தது. பேராச்சி அதைத் தைக்கக் கொடுக்காமல் மடித்து வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறாள். உடம்பு சௌக்கியம்தான். அங்கே சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

ஆராய்ச்சி முடிந்தது. வெறும் வாரத்தில் வகுப்பின் சராசரி ஆறு. பெப்பர்மிண்ட் வாரத்தில் ஏழு. ஓம வாரத்திலும் ஏழு! மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழியும் பிள்ளைகள் பெப்பர்மிண்ட் வாசனைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது நிஜம், நானே பார்த்தேன். ஆனால் ஒன்பதாம் வாய்ப்பாடு தெரியாதவளுக்கு அது தெரியாமலேதான் இருந்தது. முழித்துக்கொண்டு முழித்தாள்.

ஓமத்துக்கும் ஏன் ஏறியது என்று வாய்விட்டு யோசித்தேன். சந்தனமாரி சும்மா இருப்பாளா? "வாசன போட்ட அன்னைக்கெல்லாம் நீங்க எங்க பக்கத்துலயே நின்னு பாக்குதீங்க டீச்சர். மத்த நாளு பெரிய டீச்சர்கிட்ட பேசப் போயிருதீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பன்னிரண்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்கு அது தெரியவில்லை. உன் டாக்டரிடம் இதையும் சொல்.

இனி உன் மகள். பெப்பர்மிண்ட் வாரத்தில் மூன்று. ஓம வாரத்தில் இரண்டு. வெறும் வாரத்தில் ஐந்து. மூக்கடைப்பு கிடையாது. தூக்கமும் இல்லை, கண்ணை நன்றாக விழித்து வைத்துக்கொண்டு தப்புப் போடுகிறாள். திட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. இப்படியே போனால் ஜூன் மாதம் நான் யாருக்குச் சோறு வைப்பேன் என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

சொக்கம்மாள்

❖

தூத்துக்குடி,
22-11-1935

அக்காளுக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று ஒரு மருந்தில் அளவு தப்ப இருந்தேன். நல்லவேளை டாக்டர் பார்த்தார். இங்கே ஒருவருக்கும் நோய்நொடி இல்லை. சின்னவனுக்குக் கீழே இரண்டு பல்.

சில பிள்ளைகளுக்குப் படிப்பு ஒரு வயது வரைதான் ஏறும் என்கிறார்கள். உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். வந்தால் வரட்டும், இங்கேயும் ஒரு வயிற்றுக்குச் சோறு இருக்கிறது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஒன்று செய்யுங்கள். பலகையில் போட்டால் அழிந்துவிடுகிறது. தை மாதத்திலிருந்து பேராச்சியை மட்டும் தாளில் கணக்குப் போடச் சொல்லி, தேதி எழுதி, ஒரு மாதத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். டாக்டர் பார்க்க விரும்புகிறார். எந்தக் கணக்கில் எங்கே தவறுகிறாள் என்று பார்த்தால் காரணம் பிடிபடலாம் என்கிறார்.

அவளுக்கு ஆசி.

வல்லிநாயகம்

❖

இலஞ்சி,
6-2-1936

தம்பிக்கு.

சௌக்கியம். அங்கே சௌக்கியம்தானே.

பெப்பர்மிண்ட் இனி அனுப்ப வேண்டாம். தாள்களும் இப்போது அனுப்பத் தோதில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம்.

சொக்கம்மாள்

❖

தூத்துக்குடி,
20-2-1936

அக்காளுக்கு வணக்கம்.

உங்கள் கார்டு வந்தது. மூன்று வரி. சேலை காயவில்லை என்பதற்கே பத்து வரி எழுதுகிறவர்கள் நீங்கள். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? பேராச்சிக்குக் காய்ச்சலா? என் பேச்சில் ஏதும் தவறிவிட்டதா? தாள்கள் ஏன் வரவில்லை? தினமும் தபால்காரனைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு அவனே இப்போது தெருமுனையில் இருந்து கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான்.

தயவுசெய்து உள்ளதை எழுதுங்கள்.

வல்லிநாயகம்

❖

இலஞ்சி,
15-3-1936

அன்புள்ள தம்பிக்கு,

யாருக்கும் காய்ச்சல் இல்லை. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, மனசில்தான். உன் கடிதத்துக்கு மூன்று வாரம் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள். அதற்குமேல் கோபிக்க வேண்டியதும் இதில் இருக்கிறது.

தை மாதத் தாள்களை உறையில் போடுவதற்கு முன் வரிசையாகத் தரையில் பரப்பினேன். பலகையில் ஒவ்வொரு நாளும் சரி, தப்பு என்று மட்டும் பார்த்துவிட்டு அழிக்கச் சொன்னவள், அன்றைக்குத்தான் எல்லாத் தப்பையும் சேர்த்துப் பார்த்தேன். முப்பத்தேழை ஆறால் பெருக்கினால் 222. அவள் எழுதியிருந்தது 223. ஆயிரத்தில் 368 போனால் 632. அவள் எழுதியது 633. நூற்று நாற்பத்து நான்கை ஒன்பதால் வகுத்தால் 16. அவள் எழுதியது 17. அந்தத் தாள்களில் எத்தனை தப்பு இருந்ததோ அத்தனையும் சரியான விடையைவிட ஒன்று கூட. ஒன்றே ஒன்று. கணக்குத் தெரியாதவளால் இப்படித் தப்புப் போட முடியாது தம்பி. முழுக்கச் சரியாகப் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் ஒன்றைக் கூட்டி எழுதியிருக்கிறாள்.

கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தேறினா இங்கனயே இருக்கணும், தோத்தாத்தான் அப்பாகிட்டப் போலாம்னு அப்பா சொன்னாவல்லா அத்தை. அதான் தோத்துப் பழகுதேன்."

நீயும் நானும் அந்த வாசலில் நின்று, தேறுவதைப் பரிசு என்றும் தோற்பதைத் தண்டனை என்றும் நினைத்துப் பேசினோம். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைத் தலைகீழாகக் காதில் வாங்கியிருக்கிறாள்.

"பெப்பர்மிண்ட் வாரத்துல ஏன்ட்டி இன்னும் குறைஞ்சுது?" என்று கேட்டேன். "அது வாசனைக்கு என்னை அறியாம நல்லாப் போட்டுருவேனோன்னு பயமா இருந்துச்சு. அதனால கூட ரெண்டு கணக்கத் தப்பாப் போட்டேன். முத தடவ தந்த பெப்பர்மிண்டையும் நான் திங்கல. முழுசாச் சந்தனமாரிகிட்டக் கொடுத்துட்டேன்" என்றாள். நம் ஆராய்ச்சியில் பெப்பர்மிண்டின் சக்தியை முழுசாக நம்பிய ஒரே ஆள் இவள்தான்.

இதை எல்லாம் நான் தை முடியும் முன்பே தெரிந்துகொண்டேன். உனக்கு எழுதவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இவளுக்குக் கணக்குத் தெரியும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இனி ஒரு அதட்டுப் போட்டால் போதும், பயந்துகொண்டு ஒழுங்காக எழுதுவாள், தேறுவாள், என்னிடமே இருப்பாள். நீ சொன்ன சொல்லும் காப்பாற்றப்படும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. இந்த யோசனையோடு ஆறு வாரம் தாள்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். அவள் என்னை விட்டுப் போக ஆசைப்படுகிறாள் என்பது எனக்கு வலிக்காமல் இல்லை. நன்றாக வலித்தது. அவளோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பத்து வயதுப் பிள்ளையோடு மல்லுக்கு நின்ற அத்தை நான்.

ஆனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னைக்கு அப்பா கடுதாசி வந்துச்சா அத்தை?" என்று கேட்கிறாள். உன் கடிதங்களில் அவளுக்கென்று இருப்பது கடைசியில் 'ஆசி' என்ற ஒரு சொல். அதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்க்கிறாள். அதற்குமேல் என்னால் பூட்டி வைக்க முடியவில்லை.

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டாதே. நீ மட்டும் பார்.

சொக்கம்மாள்

❖

தூத்துக்குடி,
21-3-1936

அக்காளுக்கு வல்லிநாயகம் பாதம் பணிந்து எழுதுவது.

எங்கள் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. குறைவெல்லாம் என் புத்தியில்தான்.

உங்கள் கடிதத்தை மங்களேஸ்வரியிடம் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே குழந்தையைக் கீழே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். ராயகிரியில் பிறந்தவளுக்குக் கோபம் வந்து நீங்கள் பார்த்ததில்லை. "எனக்குத் துணை வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? பிள்ளையக் கூட்டிட்டு வாங்கன்னு மூணு தடவ சொன்னேன். படிப்புக் கெட்டுரும்னு நீங்கதான் சொன்னீய. எந்த ஊர்லயாவது பெத்த பிள்ள அப்பா வீட்டுக்கு வரப் பரீட்சையில தோக்கணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா. இரண்டாங்கல்யாணம் முடிந்த நாளிலிருந்து, மூத்தாள் பிள்ளையை இளையாள் பாத்திரம் தேய்க்க வைப்பாள் என்று ஊரார் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கே பயம். இன்னொரு பயமும் உண்டு. பேராச்சி வந்து இந்த வீட்டுக்குள் நின்றால், அவளைப் பெற்றவள் இல்லை என்பது எனக்குத் தினமும் தெரியும். அதைத் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். இரண்டையும் வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பரீட்சை, படிப்பு, துணை என்று எதையெதையோ முன்னால் தள்ளினேன். அந்தச் சுமையைப் பிள்ளை தலையில் வைத்துவிட்டு, நான் பெப்பர்மிண்டை அளந்துகொண்டிருந்தேன்.

இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையைப் பார்த்துவிட்டு வந்தேன். தென்காசிப் பரீட்சையின் மார்க்கைக் காட்டினால் முதல் பாரத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். தேறாவிட்டால் இங்கேயே இன்னொரு பரீட்சை எழுதலாம். அதிலும் தேறாவிட்டால் அடுத்த வருஷம் எழுதட்டும். எதுவானாலும் அவள் வர வேண்டிய வீடு இது.

ஆனால் அவளை வளர்த்தவர்கள் நீங்கள். உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தலையிட மாட்டேன். அவளிடமே கேளுங்கள். உங்களிடமும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே இன்னொரு உறை இருக்கிறது. அதில் அவள் பெயர் எழுதியிருக்கிறேன். நீங்கள் பிரிக்காமல் அவள் கையில் கொடுங்கள்.

வல்லிநாயகம்

❖

இலஞ்சி,
28-6-1936

அன்புள்ள தம்பிக்கு,

சாரல் பிடித்துவிட்டது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் நால்வரும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்ததாக மங்களேஸ்வரி எழுதிய கார்டு வந்தது. அவள் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. உன்னோடு இங்கே வந்து, பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்துக் கூட்டிப் போனாளே, அந்த நல்ல குணத்துக்கு நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீ சொல்லிவிடு.

தென்காசிப் பரீட்சை விவரம் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு எழுத்தில் வந்திருக்கிறது. நாற்பத்தொரு பேரில் பேராச்சி முதல். கணக்கில் ஒன்றும் தப்பு இல்லை. தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அங்கே தலைமையாசிரியையிடம் காட்டு. உன் உறையில் அவளுக்கு என்ன எழுதியிருந்தாய் என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அதை வாசித்த மறுநாளிலிருந்து பத்துக்குப் பத்து. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆகையால் உன் டாக்டர் கேட்டால் இப்படிச் சொல்: பெப்பர்மிண்ட் தூங்குகிறவளை எழுப்பும், வகுப்பைச் சந்தோஷப்படுத்தும், அதற்கு அப்பால் உள்ளதற்கு நாம்தான் பொறுப்பு.

சில விஷயங்கள் உனக்குத் தெரியாது. அவள் புத்தகத்தில் தலையை விட்டிருக்கும்போது கூப்பிட்டால் காதில் விழாது. அதற்குக் கோபிக்காதே. கத்தரிக்காயை ஒதுக்கி வைப்பாள், அதட்டினால் தின்றுவிடுவாள், அதட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் சாயங்காலம் தலைவலிக்கும். நீ தீபாவளிக்கு அனுப்பிய பாவாடைத் துணி, அவள் பெட்டியில் அடியில் இருக்கிறது. உன் வீட்டுக்கு வந்து தைத்துக்கொள்ளத்தான் மடித்து வைத்திருந்தாளாம். ரயிலுக்குப் புறப்படும் அன்றைக்குத்தான் சொன்னாள்.

ஒன்று உனக்குச் சொல்லவில்லை. தென்காசி ஸ்டேஷனில் நீ தண்ணீர் பிடிக்கப் போனாய், மங்களேஸ்வரி குழந்தையை அமர்த்திக்கொண்டிருந்தாள். அப்போது பேராச்சி ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். யாருக்கும் கேட்காமல் என் காதில் கேட்டாள்.

"அத்தை, திரும்ப உங்ககிட்ட வரணும்னா நான் எந்தப் பரீட்சையில தோக்கணும்?"

வண்டி ஊதிவிட்டது. நான் அழுதுகொண்டே ஏதோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததோ என்னவோ. பத்து நாளாக அது என்னை வாட்டுகிறது. நீ அவளை மடியில் உட்காரவைத்து, நான் சொன்னதாக இதைச் சொல்: எதிலும் தோற்க வேண்டாம் என்று அத்தை சொன்னாள். லீவு விட்டதும் ரயில் ஏறினால் போதும் என்று சொன்னாள். அத்தை தென்காசி ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாள் என்றும் சொல்.

உடனே சொல்லிவிட்டு, சொன்னேன் என்று எனக்கு ஒரு கார்டு போடு.

அக்காள்,
சொக்கம்மாள்